அமாவாசையன்று எடுத்த ரத்தம்

அமாவாசையன்று போகலாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் சொல்லிக்கொண்டே போகும்போது பழியைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் மக்களின் உடல்நிலையைக் கணக்கெடுக்கும் பெரிய சர்வே அது. அதில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குழுவில் நான்கு பெண்கள். எங்களுக்கு மேலே ஒரு சூபர்வைசர், தென்மாவட்டத்துக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஆளுக்கொரு டேப்லெட், பிரஷர் பார்க்கும் கருவி, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின், எல்லோருக்கும் பொதுவாக உயரம் அளக்கும் பலகை ஒன்று. பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் கதவு விற்க வந்தவர்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

எந்தத் தெருவில் எந்த வீடு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுக் கொடுத்துவிடும். பட்டியலில் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மா, "எனக்கும் ஒரு குத்து குத்திப் பாரேம்மா, இன்னா கெட்டுப்போவப் போவுது?" என்று விரலை நீட்டிக்கொண்டு நிற்பாள். முடியாது என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கண்டு ஓடி ஒளிகிறவர்களைத் தேடிப் பிடித்துக் குத்த வேண்டும். அது அப்படிப்பட்ட வேலை.

கேள்விகள் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டுக்கூரை எதனால் ஆனது, கழிப்பறை தனியா பொதுவா, வாரத்தில் எத்தனை நாள் மீன், எத்தனை பிள்ளை பெற்றீர்கள், அதில் எத்தனை இருக்கிறது. பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டால் முகம் மலரும். இறந்த குழந்தையைப் பற்றிக் கேட்டால் அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வரும். கணவர் அடிப்பாரா என்று தனியாகக் கேட்கும்போது ஒருத்தி எழுந்து போய் மிக்சியைப் போட்டுவிட்டு வந்து, அந்தச் சத்தத்தில் பதில் சொன்னாள். ஒரு ஜனத்தின் உடம்பு அதன் ரத்தத்தில் மட்டும் இல்லை என்று அந்த மிக்சி சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுக்கு விழுந்தது ஒரு நெசவாளர் தெரு. நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு தெருதான், அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அதனால் குழுவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மற்ற மூன்று பேரும் எதற்கெடுத்தாலும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதல் மூன்று நாளும் ஒன்றும் நடக்கவில்லை. தறியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். "இந்தப் பூ முடியட்டும்மா" என்பார். சேலையில் அந்தப் பூ முடிந்தால் அடுத்த பூ. பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும் என்பது விதி. தறி ஓடும் வீட்டில் ஐந்து நிமிஷம் சும்மா உட்காரும் ஆணோ பெண்ணோ கிடையாது. சூபர்வைசர் தினமும் மாலையில் போன் பண்ணி, "எத்தனை வீடு முடிச்சிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்பார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை போலிருக்கும்.

அப்போதுதான் சொன்னேன். "சார், நாளை மறுநாள் அமாவாசை. எங்க ஊர்ல தறிக்கு ஞாயித்துக்கிழமை லீவு கெடையாது, அமாவாசைதான் லீவு. எல்லாரும் வீட்ல இருப்பாங்க, தறி சத்தமும் இருக்காது. ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உள்ளூர் ஆள் இருப்பதன் அருமை இதுதான் என்றார். நானும் அன்று முழுக்கத் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

அமாவாசையன்று தெரு அமைதியாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, கையை நீட்டச் சொன்னால் நீட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் என்ன, அரைமணி நேரமே சும்மா உட்காரத் தயாராக இருந்தார்கள். நான் நினைத்ததைவிட வேகமாக வேலை நடந்தது.

உச்சி வெயிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க நெசவாளர், அவர் மனைவி, இரண்டே பேர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒரே தறியில் இருவரும் சேர்ந்து நெய்கிறவர்கள். அவர் நடுவில் குழிக்குள் காலை விட்டு மிதிப்பார், கரைப் பக்கத்தில் குறுக்கு இழை ஓட்டும் நாடாவை இந்த அம்மா வாங்கிப் போடுவாள். அன்று அந்த அம்மா சமையலை முடித்துவிட்டிருந்தாள். வாழைக்காயும் வடையும் வாசல்வரை மணத்தன. ஆனால் யாரும் சாப்பிடவில்லை. அவருக்கு அப்பா இல்லை. தகப்பன் இல்லாதவர்கள் அமாவாசையில் விரதம் இருந்து, படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் என் அண்ணன் மாதாமாதம் செய்வதுதான். மாடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டு அவர் காத்துக்கொண்டிருந்தார். காக்காய் வரவில்லை.

"இன்னா கோவமோ எங்கப்பனுக்கு, இன்னிக்கி இவ்ளோ நேரம் பண்றாரு. நீ வேலையப் பாரும்மா, அது வர்றதுக்குள்ள முடிச்சிடு" என்றார்.

டேப்லெட் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சுகர் இருக்கிறது என்று டாக்டர் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

"சொல்லிக்கிறாங்கம்மா. போன வருஷம் ஒரு கேம்ப்புல. மாத்திரை போட்டுக்கினுதான் இருக்கேன்."

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

"நேத்து ராத்திரி ரெண்டு தோசை. இன்னிக்கி மாத்திரையும் தண்ணியும்தான்."

எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்தேன். விரலில் குத்தினேன், ரத்தம் வரவில்லை. பட்டு இழையை நீவி நீவி விரல்நுனி காய்த்துப் போயிருந்தது. மோதிர விரலின் பக்கவாட்டில் இன்னொரு முறை குத்திப் பிதுக்கித்தான் ஒரு சொட்டு வாங்கினேன். மெஷினில் எண் வந்தது. நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரர்களிடம் கொடுப்பதற்கென்று ஆளுக்கொரு அட்டை உண்டு. அதில் எண்ணை எழுதி, 'இயல்பான அளவு' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் டிக் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப சுகர் போயிடுச்சாம்மா?"

"நார்மலா இருக்குதுண்ணா. ஆனா..."

மாடியிலிருந்து அந்த அம்மா கத்தினாள். "வந்துடுச்சு! ஏங்க, வந்துடுச்சு! வாங்க சீக்கிரம்!"

அவர் அட்டையும் கையுமாக மாடிக்கு ஓடினார். ஒரு காக்காய் வந்ததற்கு அந்த வீட்டில் எழுந்த சந்தோஷத்தை நான் கீழே நின்று கேட்டேன். பிறகு ஊசியையும் பஞ்சையும் அதற்குரிய டப்பாவில் போட்டு மூடி, பையை மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா இறங்கி வந்து, "எல போட்டுட்டேன், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்று கையைப் பிடித்தாள். இன்னும் ஐந்து வீடு இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்ல வந்தது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. காலையிலிருந்து நீங்கள் சாப்பிடவில்லை, மாத்திரையும் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் இந்த அளவு, மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூச்சு விடாமல் சொன்னால் பத்து விநாடி ஆகும். காக்காய் குறுக்கே வந்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் 'ஆனா' என்று சொன்னேனா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிறகு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

அன்று மாலைக்குள் தெரு முடிந்தது. வாட்ஸாப் குழுவில் சூபர்வைசர் கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டார்.

வேலை முடிந்து, ஒப்பந்தமும் முடிந்து, சர்வேயின் முடிவுகள் வெளியானபோது எங்கள் மாவட்டத்துக்கான பக்கங்களைப் போனில் இறக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் பார்ப்பது போலத்தான் இருந்தது. சர்க்கரை அதிகம் உள்ள ஆண்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குள் நான் எடுத்த தெருவும் ஒரு துளியாக இருக்கிறது என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

அதற்குள் நான் ஒரு லேபில் சேர்ந்திருந்தேன். வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. ஒருநாள் அதே தெருவில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பும்போது ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, நீ சர்வேக்கு வந்த பொண்ணுதானே?"

அந்த அம்மாதான். இளைத்துப் போயிருந்தாள். ஸ்கூட்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் ஓடிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. "உள்ள வந்து நீயே சொல்லு அந்த மனுசன்கிட்ட. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு. உன் பேச்சத்தான் பிடிச்சிக்கினு நிக்கிறாரு."

அவர் தறிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் கட்டைவிரல் இல்லை.

நடந்ததை அந்த அம்மாதான் சொன்னாள். தறிக்குழியில் மிதிக்கும் கட்டையில் ஒரு சிராய் கிளம்பியிருந்திருக்கிறது. அது விரலில் ஏறி உள்ளேயே தங்கிவிட்டது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. நாலைந்து நாள் கழித்து, நாடா கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தபோதுதான் குழிக்குள் ரத்தமும் சீழும் இருப்பதை இவள் பார்த்திருக்கிறாள். "பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருக்கேன். கால்ல கட்ட ஏறிக்கினு கீது, இவரு பாட்டு கேட்டுக்கினே மிதிக்கிறாரு." ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். சுகர் ரொம்ப இருக்கிறது, மாத்திரை ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அமாவாசையன்று நான் போனதிலிருந்து அவர் மாத்திரையைத் தொடவில்லை. விரல் போன புண் ஆறும்வரை போட்டார். ஆறியதும் மறுபடி நிறுத்திவிட்டார்.

"இப்ப அடிப்பாதத்துல இன்னொண்ணு கெளம்பிக்கிது. காட்டுய்யா" என்றாள். அவர் காட்டவில்லை. காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு சுகரே இல்லன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துக்கிதும்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. "ஆஸ்பத்திரில அவசரத்துல வேற யாரோட ரத்தத்தையோ பாத்துட்டாங்க. நீ வந்து எவ்ளோ பொறுமையா எடுத்த, ரெண்டு தடவ குத்தி."

எழுந்து நொண்டிக்கொண்டே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துவந்தார். ஆதார் கார்டோடு சேர்த்து அதையும் ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து வைத்திருந்தார். உள்ளே என் கையெழுத்தில் அந்த எண். அதன் கீழே நான் போட்ட டிக்.

பையிலிருந்து மெஷினை எடுத்தேன். எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் என்றார். மோதிர விரலின் பக்கவாட்டில், இந்தத் தடவை ஒரே குத்து. மெஷின் காட்டிய எண் அந்த அட்டையில் இருந்ததைப் போல மூன்று மடங்கு.

அவரும் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "இன்னிக்கி சாப்ட்டுட்டேன்ல, அதான். நீ அமாவாசைக்கு வந்து பாரும்மா. அன்னிக்கி எடுத்தா கரெக்டா இருக்கும்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அமாவாசையில் எடுத்தால்தான் சரி என்று இந்த மனுஷனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அவருக்கு மட்டும் இல்லை. அன்று அந்தத் தெருவில் எத்தனை ஆண்கள் தகப்பன் இல்லாதவர்கள், எத்தனை பேர் பச்சைத் தண்ணீரோடு கையை நீட்டினார்கள்? அத்தனை பேருக்கும் டிக் போட்டுக் கொடுத்தேன். நெசவாளர் தெருவில் பிறக்காத யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லலாம். மாதாமாதம் என் அண்ணன் மாடியில் நின்று காக்காயைக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சலுகை கிடையாது. தறி சத்தம் இருக்காது என்பதை யோசித்தேன். வயிறு காலியாக இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

வெளியே போய் சூபர்வைசருக்குப் போன் போட்டேன். அவர் இப்போது வேறு எங்கோ வேறு சர்வேயில் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எப்போ சாப்பிட்டாங்கன்னு நீங்க பதிஞ்சிருக்கீங்கல்ல?" என்றார். பதிந்தேன் என்றேன். "அப்போ டேட்டா சரிதாங்க. எந்த நேரத்துல வேணும்னாலும் எடுக்கலாம்ங்கிறதுதான விதி. உங்க மேல தப்பே இல்ல." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் யாராவது நன்றாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

திரும்பி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். "அண்ணா, அன்னிக்கி நீங்க காக்காவுக்காகக் காத்துக்கினு இருந்தீங்க. வயித்துல ஒண்ணுமில்ல, மாத்திரை வேற போட்டிருந்தீங்க. அதனாலதான் கம்மியாக் காட்டிச்சு. சுகர் போகல. மாத்திரை வேலை செஞ்சுது, அவ்ளோதான். அத நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"அப்ப மெஷினு பொய் சொல்லிச்சா?"

"மெஷின் சொன்னது உண்மதான். நான்தான் பாதியச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. வாயால் சொல்வது ஒன்று, எழுதிக் கொடுப்பது ஒன்று என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்த அம்மா சட்டென்று அட்டையைப் பிடுங்கி என் மடியில் போட்டாள். "எழுதினவ நீதானே? நீயே அடிச்சு எழுது."

பேனாவால் எழுதினேன். பிளாஸ்டிக்கில் மை ஒட்டாமல் வழிந்தது. ரத்தக் குழாய்களில் பெயர் எழுத வைத்திருக்கும் கறுப்பு மார்க்கர் பையில் இருந்தது. அதை எடுத்து, டிக்கை அடித்து, அதன்மேல் எழுதினேன்: 'சாப்பிடாதபோது எடுத்தது. சுகர் உண்டு. மாத்திரை நிறுத்தக் கூடாது.' கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன். அப்படி எழுத எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. முதலில் டிக் போட்டபோது மட்டும் எனக்கு என்ன பெரிய அறிவு இருந்தது?

அவர் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். கட்டைவிரலால் எழுத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. இன்னும் ஒருமுறை தேய்த்தார். பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து காலை மெதுவாக வெளியே நீட்டினார். அடிப்பாதத்தில் புண் ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்தது. நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அந்த அம்மா மாத்திரை டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார். "இதுல மாத்தி எழுதிட்ட. அன்னிக்கி சிலேட்டாட்டம் ஒண்ணுல தட்டிக்கினே இருந்தியே, அதுலயும் மாத்திட்டியா?"

"அது மேல போயிடுச்சுண்ணா. இனிமே மாத்த முடியாது."

"அப்ப அங்க எனக்கு சுகர் இல்ல?"

"அங்க இருக்கிற நம்பர் நார்மல்தாண்ணா."

"அங்க கால் கூட நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.